மூன்றாம் ஓலை

என் அத்தைக்குச் சீனாவில் ஒரு கணவரும் ஒரு குழந்தையும் இருப்பதாகவே எங்கள் வீட்டில் எல்லோரும் நம்பினார்கள். யாரும் அதை உரக்கச் சொன்னதில்லை. யாரும் அதைச் சந்தேகித்ததும் இல்லை. அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் ஒரே ஒரு புகைப்படம்.

அத்தை என் அப்பாவின் ஒரே தங்கை. ஆசிரியைப் பயிற்சி முடித்தவர். யுத்தம் ஓய்ந்தபின், அவர் படித்த பயிற்சிப் பள்ளியின் தலைவியான ஆங்கில அம்மையாரை, சீனாவின் உட்பகுதியில் ஓர் ஆற்றங்கரை நகரத்தில் இருந்த பெண்கள் பள்ளிக்கு மிஷன் அனுப்பியது. அம்மையார் அத்தையையும் உடன் அழைத்துக்கொண்டு போனார். இருவரும் அங்கே ஆங்கிலம் கற்பித்தார்கள்.

“அந்த ஊர்க்காரங்களுக்கு நாங்க ரெண்டு பேரும் ஒண்ணுதான், வெளிநாட்டு டீச்சர். ஒருத்தி வேகாதவ, ஒருத்தி கருகினவ” என்று பிற்பாடு அத்தை என்னிடம் சொன்னார்.

நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வியாபாரத்துக்காக ராயபுரம் வந்த கிறிஸ்தவக் குடும்பம். கீழே மிளகாய் மண்டி, மேலே வீடு. அந்த வீட்டுக்குத்தான், அத்தை சீனா போன மூன்றாம் வருடம், பிரித்து மறுபடி ஒட்டப்பட்ட ஓர் உறை வந்தது. உள்ளே கடிதம் இல்லை. வழியில் யாரோ எடுத்துவிட்டிருக்க வேண்டும். படம் மட்டும் இருந்தது. இரண்டு நாற்காலிகள். ஒன்றில் அத்தை, சேலைக்கு மேல் பஞ்சு வைத்துத் தைத்த தடித்த அங்கியோடு. அருகில் நீண்ட அங்கி அணிந்த ஒரு சீனர். அத்தையின் மடியில் குல்லா வைத்த கைக்குழந்தை. பின்னால் ஒரு இளம்பெண் நின்றிருந்தாள்.

எங்கள் பக்கத்துப் படக்கடைகளில் அப்படி உட்காருகிறவர்கள் யார் என்பதில் எவருக்கும் ஐயம் எழாது. அருகருகே ஆணும் பெண்ணும், பெண்ணின் மடியில் பிள்ளை என்றால் அது குடும்பம். பின்னால் நிற்பவள் வேலைக்காரி. அப்பா படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு மண்டியின் இரும்புப் பெட்டிக்குள் வைத்தாராம். “இதப் பத்தி ஒருத்தரும் வாயத் தொறக்கப்பிடாது” என்றாராம். ஒருவரும் திறக்கவில்லை. அத்தையிடம் எழுதிக் கேட்கவும் இல்லை.

ஆட்சி மாறி, வெளிநாட்டு ஆசிரியர்கள் எல்லாம் அந்த நாட்டிலிருந்து வெளியேறியபோது அத்தையும் திரும்பி வந்தார். உடன் வந்த ஆங்கில அம்மையார் ஹாங்காங்கில் காய்ச்சல் கண்டு, கப்பல் ஏறுமுன்பே இறந்துபோனார். அத்தை மட்டும் ஒரு தகரப் பெட்டியோடும், பெரிய சிவப்புப் பூக்கள் வரைந்த ஒரு வெந்நீர்க் குடுவையோடும் துறைமுகத்தில் இறங்கினார். எனக்கு அப்போது ஒன்பது வயது. கணவனையும் பிள்ளையையும் விட்டுவிட்டு வந்தவள் என்று எண்ணிக்கொண்டே அனைவரும் அவரை வரவேற்றார்கள். அப்படி எண்ணுகிறார்கள் என்று அவருக்குத் தெரியாது.

இரண்டு வருடம் அந்த அறியாமையின் மேல் எங்கள் குடும்பம் சாப்பிட்டது, ஜெபம் செய்தது, உறங்கியது. அத்தைக்கு மண்டியை ஒட்டிய மூலை அறை ஒதுக்கப்பட்டது. அம்மா பெற்ற ஐந்தாவது குழந்தையை ஞானஸ்நானத்துக்குக் கோயிலுக்கு எடுத்துச் செல்லும் நாளில், ஆசையோடு கையை நீட்டிய அத்தையிடமிருந்து அம்மா பிள்ளையை விலக்கிக்கொண்டாள்.

“நீங்க அங்க எப்படி எப்படியோ இருந்துட்டு வந்த ஆளு” என்றாள்.

“ஆமா மைனி, அங்க ரொம்பக் குளிருதான்” என்றார் அத்தை.

அம்மா சமையலறைக்கு வந்து, பெரியம்மாவிடம் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். பெரியம்மா அம்மாவின் அக்காள்; பக்கத்துத் தெருவில் இருந்தாள்.

பள்ளி விட்டு வந்ததும் மாடியில் மிளகாய்க் காம்பு கிள்ள வேண்டியது என் வேலை. கூலிக்கு வரும் பெண்கள் போக, எஞ்சியதை அத்தையும் நானும் கிள்ளுவோம். துறைமுகத்துச் சங்கு ஊதும். காற்று கடற்பக்கமிருந்து வந்தால் மீன் வாடை. வடக்கிலிருந்து வந்தால் ஆலைப் புகை. கை எரியும், கண்ணைத் தொடக் கூடாது. அந்த நேரத்தில்தான் அத்தை சீனாவைச் சொல்வார்.

அவர் சொன்னவை பெரிய சாகசங்கள் அல்ல. ஓர் ஊசி வாங்கப் போய், ஊசியைக் கையால் நடித்துக் காட்டத் தெரியாமல் நின்றதும், முப்பது பேர் கூடி ஆளுக்கொரு பொருளை நீட்டியதும். பெண்களுக்கான பொதுக் குளியல் கூடத்தில் தேய்த்துவிடுகிற கிழவி, அத்தையின் முழங்கைக் கறுப்பை அழுக்கென்று எண்ணி இரண்டு முறை தேய்த்துப் பார்த்து, மூன்றாம் முறை கல்லை எடுத்துவந்தது. காலையில் தெருமுனை வெந்நீர்க் கடைக்குக் குடுவையோடு போய் வரிசையில் நிற்பது. அந்த ஊரில் யாரும் பச்சைத் தண்ணீர் குடிப்பதில்லை. எதைக் கொடுத்தாலும் வாங்கினாலும் இரு கைகளாலும் செய்ய வேண்டும்; ஒற்றைக் கையால் சுண்ணாம்புக் கட்டியை நீட்டிய முதல் நாள் வகுப்பே திகைத்து எழுந்து நின்றுவிட்டதாம்.

எனக்கு மிகவும் பிடித்தது பள்ளிச் சமையல்காரரின் கதை. அது மிளகாய் தின்னும் பிரதேசம். இந்தியாக்காரி காரம் தின்பாள் என்று கேள்விப்பட்ட சமையல்காரர், அவரைச் சோதிக்க ஒரு வாரம் மிளகாயைக் கூட்டிக்கொண்டே போனார். மிளகாய் மண்டிக்காரன் தங்கையாகிய அத்தை ஏழாம் நாள் கண்ணீரோடு தோற்றார். அன்றுமுதல் இருவரும் நண்பர்கள். அவருக்கு வலக்கையில் சுண்டுவிரல் பாதிதான் இருந்தது. அவருக்கு ஒரு பெண்குழந்தை பிறந்து மாதம் நிறைந்த நாளில் ஊருக்கெல்லாம் சிவப்புச் சாயமிட்ட முட்டை கொடுத்தார்கள். டீச்சர்தான் விருந்தின் முதல் மரியாதைக்குரியவர் என்று நாற்காலியில் உட்காரவைத்து, குழந்தையை மடியில் கொடுத்து, தலைமையாசிரியரின் அங்கியை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு விருந்து கொடுப்பவர் என்ற முறையில் சமையல்காரர் அருகில் அமர, படம் எடுத்தார்கள். ஆசிரியைக்கு முன்னால் உட்காருவது அவமரியாதை என்று அவர் மனைவி பின்னால் நின்றுகொண்டாள்.

“அந்தப் படத்த உங்க அப்பாக்கு அனுப்பிச்சேனே. வந்துச்சா?” என்று அத்தை ஒருமுறை கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். உண்மையிலேயே அப்போது எனக்குத் தெரியாது.

கிளம்பிய கதையை அவர் ஒரே ஒரு முறைதான் சொன்னார். வெளிநாட்டுக்காரர் ஊரைவிட்டுப் போவதானால், இன்னார் போகிறார், அவர்மேல் குறையுள்ளவர் வந்து சொல்லலாம் என்று மூன்று நாள் பத்திரிகையில் அறிவிக்க வேண்டும். அந்த மூன்று நாளும் அத்தை, தான் திட்டிய பிள்ளைகளை எல்லாம் எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பனியில் வெளியே நிறுத்திவைத்த ஒரு பெண் கட்டாயம் வருவாள் என்று நினைத்தார். ஒருவரும் வரவில்லை. அதன்பிறகு உள்ளூர்க்காரர் ஒருவர் பிணை நிற்க வேண்டும்; போனவர் வெளியே போய் ஏதாவது தவறாகச் சொன்னாலோ எழுதினாலோ பிணை நின்றவர் பதில் சொல்ல வேண்டியிருக்கும். பழகியவர்கள் எல்லாம் தெருவைக் கடந்து மறுபக்கம் போனார்கள். சமையல்காரர் வந்து பிணைத் தாளில் தம் முத்திரையைக் குத்தினார்.

“அதனால நான் அங்க ஒருத்தருக்கும் காயிதம் போடுறதில்ல. என் காயிதம் போனா அவர் வீட்டுக்கு ஆள் வரும்” என்றார் அத்தை.

தெருவில் அவருக்குப் பெயர் சீனாக்காரி. காசிமேட்டிலிருந்து கூடை சுமந்து வரும் மீன்காரம்மா ஒருத்தி அவரை விடமாட்டாள்.

“இன்னாம்மா இது, காச ரெண்டு கையால குடுக்குற? சாமிக்குப் படைக்கிறியா, மீனுக்குக் குடுக்குறியா?”

“உனக்குத்தான் குடுக்கிறேன்.”

“எனுக்கு எம் புருசன்கூட இப்டி குட்த்ததில்ல. வெயில்ல சுடுதண்ணி வேற குடிச்சிகினு கீற. அங்க இன்னா பண்ணி அனுப்புனானுங்கோ உன்ன?”

கேலிதான், ஆனால் எங்கள் வீட்டில் எவரும் அத்தையிடம் அத்தனை வார்த்தை பேசியதில்லை.

எங்கள் சபையின் ஞாயிறு பள்ளியில் அத்தை சிறு வகுப்புக்குப் பாடம் சொன்னார். பெரிய வகுப்பை எடுத்தவர் திருவொற்றியூரில் மிஷன் பள்ளி ஆசிரியர். மனைவியை இழந்தவர், இரண்டு பெண்பிள்ளைகள். ஒரு ஞாயிறு அத்தை தம் வழக்கப்படி இரு கைகளாலும் சுண்ணாம்புக் கட்டியை அவரிடம் நீட்டினார். அவர் எதுவும் கேட்காமல், சிரிக்காமல், இரு கைகளாலும் வாங்கிக்கொண்டார். நான் பக்கத்தில் நின்றிருந்தேன். அதற்குப் பிறகு அவர்கள் என்ன பேசினார்கள், எப்படித் தீர்மானித்தார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது அந்தச் சுண்ணாம்புக் கட்டிதான்.

அத்தைக்கு முப்பத்தாறு வயது. அப்பாவிடம் அவரே சொன்னார்.

“அண்ணாச்சி, ஐயர்ட்ட சொல்லி ஓலை வாசிக்கச் சொல்லப் போறேன். உங்க வாயால சரின்னு சொல்லணும்.”

எங்கள் சபையில் குருவானவரை ஐயர் என்போம். திருமணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஆராதனையில் அவர் பெயர்களை வாசிப்பார். தடை அறிந்தவர் எழுந்து சொல்லலாம். அதுவே ஓலை.

“அவன் எந்த ஊரு?” என்றார் அப்பா.

“புளியந்தோப்பு.”

அதற்குமேல், சாதி உட்பட, எங்கள் வீட்டில் எதையும் விசாரிக்கத் தேவைப்படவில்லை. அவர் படிப்பு, சம்பளம், ஜெபம் எதுவும் அந்த ஒரு சொல்லைத் தாண்டி உள்ளே வரமுடியாது. ஆனால் கர்த்தரின் பந்தியில் எல்லோரும் ஒன்று என்று வாரந்தோறும் சொல்லும் கோயிலில், பிறந்த தெருவைத் தடையாகச் சொல்ல அப்பாவுக்கு வழியில்லை. அவர் வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு மண்டிக்கு இறங்கிப் போனார். சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

முதல் ஞாயிறு ஓலை வாசித்தார்கள். ஒருவரும் எழவில்லை. இரண்டாம் ஞாயிறும் அப்படியே. அந்த வாரம் அத்தை மாடியில் காம்பு கிள்ளிக்கொண்டே பாட்டு முனகினார். “பத்திரிகைல மூணு நாள் போட்டாங்க. இங்க மூணு ஞாயிறு. அங்கயே ஒருத்தரும் வரல” என்று என்னிடம் சொன்னார். என் உள்ளங்கை எரிகிறதென்று தம் குடுவையிலிருந்து இளஞ்சூட்டு நீர் ஊற்றிக் கழுவிவிட்டார். அதுவும் பயனில்லை, தேங்காயெண்ணெய்தான் கேட்கும்.

மூன்றாம் ஓலைக்கு இரண்டு நாள் முன்பு, பள்ளியிலிருந்து வந்தபோது, அம்மாவும் பெரியம்மாவும் சமையலறையில் குனிந்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். அதற்குமுன் நான் அந்தப் படத்தைக் கண்டதில்லை. ஆனாலும் கண்டவுடன் தெரிந்தது. இரவல் அங்கியின் கை நீளம். வலக்கையில் பாதிச் சுண்டுவிரல். பின்னால் நின்ற மனைவி.

“இது சமையக்காரரு” என்றேன். “அது அவரு பிள்ள. முட்டைக்குச் சாயம் போட்ட அன்னைக்கு எடுத்தது. பின்னால நிக்கது அவரு வீட்டுக்காரி.”

அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு படத்தை மறுபடி பார்த்தாள். விரலைப் பார்த்தாள் என்று நான் இன்றும் சத்தியம் செய்வேன்.

“உனக்கு யாரு சொன்னா?”

“அத்ததான்.”

பெரியம்மா “அப்பிடின்னா…” என்று தொடங்கினாள்.

“சின்னப் பிள்ளையள்ட்ட கத கட்டி வச்சிருக்கா. சாமர்த்தியக்காரி” என்றாள் அம்மா, படத்தை முந்தானையில் துடைத்தபடி. “இத அப்பாட்ட போய் உளறினன்னா காலு இருக்காது உனக்கு.”

அப்பாவிடம் அம்மா சொன்னாளா, அப்பா அறிந்தே எழுந்தாரா என்பது எனக்கு இன்றளவும் தெரியாது. அம்மாவுக்குத் தெரியும் என்பது மட்டும் தெரியும். அவள் அப்போது ஆறாவது பிள்ளையைச் சுமந்திருந்தாள். அத்தை போய்விட்டால் வீட்டில் இரண்டு கை குறையும் என்பதையும் அவள் அறிந்திருந்தாள்.

மூன்றாம் ஞாயிறு ஐயர் பெயர்களை வாசித்துவிட்டு, இது மூன்றாம் முறை, தடை அறிந்தவர் எவரும் உண்டா என்று கேட்டார். கேட்ட வேகத்திலேயே அடுத்த பக்கத்தைப் புரட்டவும் ஆரம்பித்தார். அப்பா எழுந்தார். சட்டைப் பையிலிருந்து படத்தை எடுத்தார்.

“தடை இருக்கு ஐயரே. இவளுக்குப் புருசன் உயிரோட இருக்கான். பிள்ளையும் இருக்கு.”

பெண்கள் பக்கத்தில் முன்வரிசையில் இருந்த அத்தை மெல்ல எழுந்து திரும்பினார். படத்தைப் பார்த்ததும் அவர் முகத்தில் முதலில் வந்தது மகிழ்ச்சி. அதை நான் கண்டேன். தொலைந்ததென்று நினைத்த படம் கிடைத்துவிட்ட மகிழ்ச்சி. அப்பா சொன்னது அதற்குப் பிறகே அவருக்கு எட்டியது.

“அது எங்க பள்ளிக்கூடத்துச் சமையல்காரர், ஐயரே. பின்னால நிக்கிறது அவர் சம்சாரம்.”

“அப்பிடின்னா சமையக்காரன் ஏன் உக்காந்திருக்கான்? பொண்டாட்டி ஏன் நிக்கா?” என்றார் அப்பா.

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு வரிசை வரிசையாக முன்னால் வந்தது. ஆண்கள் பக்கத்தில் அந்த ஆசிரியர் எழுந்து நின்றார். அவர் என்ன சொல்ல முடியும், அவர் சீனாவைக் கண்டதில்லை.

“உமக்கு இதை அறிந்த சாட்சி எவரும் உண்டா அம்மா?” என்று ஐயர் கேட்டார். இரக்கத்தோடுதான் கேட்டார்.

நான் இருந்தேன். பதினோரு வயது; விரலைப் பற்றியும் முட்டையைப் பற்றியும் சொல்லத் தெரியும். அம்மாவின் கை என் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. பலமாகக்கூட இல்லை. உதறியிருந்தால் விட்டிருக்கும். அத்தையின் கண்கள் சபை முழுவதையும் ஒருமுறை சுற்றி வந்தன. என்மேலும் வந்தன, நின்றன, அம்மாவின் கையைக் கண்டன, நகர்ந்துவிட்டன.

“இல்லை” என்றார் அத்தை.

ஐயர் ஓலையை நிறுத்திவைத்தார். அந்தச் சமையல்காரரிடமிருந்து ஓர் எழுத்து வந்தால் போதும், மறுநாளே திருமணத்தை நடத்திவைப்பதாகச் சொன்னார். அது பெரிய விஷயமா, ஒரு கடிதம் போடுவதுதானே என்றார்கள் சபையார். அத்தை போட மாட்டேன் என்றார். காரணத்தைச் சொன்னபோது, ஒருவரும் நம்பவில்லை. கேட்க மறுக்கிறாள் என்றால் பதில் என்னவென்று தெரியும் என்றாள் அம்மா. ஐயர் தாமே இங்கிலாந்தில் இருந்த மிஷனுக்கு எழுதினார். பள்ளியின் ஏடுகள் அங்கேயே விடப்பட்டன, ஊழியரின் சொந்த வாழ்க்கை பற்றித் தம்மிடம் குறிப்பில்லை என்று ஐந்து மாதம் கழித்து நான்கு வரி வந்தது.

பதிவு அலுவலகத்தில் மணந்துகொள்ளலாம் என்று ஆசிரியர் சொல்லிப் பார்த்தார். தடை சொல்லப்பட்ட பெண்ணை மணப்பவர் மிஷன் பள்ளியில் நீடிக்க முடியாது என்று மேலாளர் அவரிடம் சொன்னார். பிள்ளைகள் இருவரும் அதே பள்ளியில் இலவசமாகப் படித்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் அவர் கோலார் தங்கவயல் பக்கம் ஒரு பள்ளிக்கு மாற்றல் வாங்கிக்கொண்டார்.

அவர் கிளம்பிய காலை, அத்தை என்னைக் கூட்டிக்கொண்டு டோல்கேட் பஸ் நிறுத்தத்துக்குப் போனார். தனியே போனால் அதற்கும் பேசுவார்கள். ஆசிரியர் இரண்டு பெண்களோடும் ஒரு படுக்கைச் சுருளோடும் நின்றிருந்தார்.

“டீச்சர், அந்த ஒரு கடுதாசி நீங்க போட்டிருந்தா…” என்றார்.

“போட்டிருந்தா நான் உங்க வீட்டுல நிம்மதியா உக்காந்து சோறு திங்க முடியுமா?”

“முடியாதுதான்” என்றார் அவர்.

அத்தை வெந்நீர்க் குடுவையை இரு கைகளாலும் நீட்டினார். பிள்ளைகளுக்கு வழிக்கு ஆகும் என்றார். அவர் இரு கைகளாலும் வாங்கிக்கொண்டார். பஸ் வந்தது, ஏறிப் போனார்கள். திரும்பி நடக்கையில் அத்தை என் கையைப் பிடித்துச் சாலையைக் கடத்திவிட்டார், கடந்ததும் விட்டுவிட்டார்.

அதன்பின் அவர் எங்களோடு இருபத்தாறு வருடம் இருந்தார். அம்மாவின் ஆறாவது பிள்ளையையும் ஏழாவதையும் அவரே வளர்த்தார். அப்பா படுக்கையில் விழுந்தபோது மலஜலம் எடுத்ததும் அவர்தான். நான் படித்தேன், வாத்தியாரானேன். நான் வாங்கிக்கொடுத்த புத்தகங்களை எல்லாம் படித்தார், அவற்றைப் பற்றி நன்றாகப் பேசினார். என்னிடம் ஒருநாளும் கோபம் காட்டவில்லை. ஆனால் அந்த மூன்றாம் ஞாயிற்றுக்குப் பிறகு சீனாவைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தம்பி தங்கைகளுக்குச் சொல்வார். நான் மாடி ஏறி வந்தால் நிறுத்திவிட்டு, மிளகாயைக் குவிப்பார். இரண்டு முறை மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். இரண்டு முறையும் “காம்பு பாத்துக் கிள்ளு” என்றார்.

மீன்காரம்மா மட்டும் கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தாள். “இன்னாம்மா, இப்பல்லாம் சுடுதண்ணி குடிக்கிறதில்லியா?” அத்தை, குடுவை இல்லை என்பார்.

அப்பாவின் இரும்புப் பெட்டியைப் பிரித்தபோது படம் எனக்கு வந்தது. ஓரங்களில் மிளகாய்த் தூள் ஏறிச் சிவந்திருக்கிறது. அப்பா இல்லை, அம்மா இல்லை, ஐயரும் அந்த ஆசிரியரும் இல்லை, அத்தை போய்ப் பல வருடம் ஆகிறது. சமையல்காரரும் பின்னால் நிற்கும் அவர் மனைவியும் எந்த மண்ணில் இருக்கிறார்களோ. மடியில் உள்ள அந்தக் குழந்தை என்னைவிட ஏழெட்டு வயது இளையவள். அந்த ஆற்றங்கரையில் அவள் இருக்கக்கூடும். இங்கே நான் இருக்கிறேன்.